அக்கம்பக்கம்

மெழுகுக் கட்டி எண் ஆயிரத்து நூற்றுப் பதினாறு.
பனகல் சாலையில் லாரி போகும்போது
மேசை லேசாக அதிரும்;
கத்தியை நிறுத்திக்கொள்வேன்.
நாலு மைக்ரான் கனம்.
வெந்நீரில் மிதக்கவிட்டால்
பாலாடை போலச் சுருங்கி, பிறகு விரியும்.
அதைக் கண்ணாடியில் ஏந்தி எடுப்பது
இருபத்திரண்டு வருடமாக என் வேலை.
பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை.
ஆனாலும் பார்ப்பேன்.

கட்டியை எல்லோரும் பார்ப்பார்கள்.
ஊதா நிறத்தில் நெருக்கியடித்து நிற்கும்,
புதூர் பஸ்ஸின் காலை எட்டரைக் கூட்டம்.
நான் பார்ப்பது ஓரத்தை.
ரோஸ் நிறத்தில் நார்கள் கிடக்கும்,
சும்மா கிடப்பது போலத் தெரியும் இடம்.

நோயில்லாத மார்பில்
அவை சுருண்டு கிடக்கும்,
தலைக்குக் குளித்துவிட்டுச்
சிக்கெடுக்காமல் விட்ட முடி.
உள்ளே புகுந்து நடப்பது லேசில்லை.
இங்கே, நீல மை தடவிய ஓரத்தை நோக்கி
யாரோ சீப்புப் போட்டு வாரியிருக்கிறார்கள்.
நேராக, விறைப்பாக,
கட்டியிலிருந்து வெளியே போகின்றன
ரிங் ரோட்டுக்குக் கிளைச்சாலைகள் மாதிரி.
அவற்றின் மேல் ஒற்றை வரிசையில்
நாலைந்து ஊதாப் புள்ளிகள்.
கிளம்பிவிட்டன.

யார் போட்ட சாலை?
புண் ஆற்ற வந்த செல்கள் போட்டது.
காயம் என்று பொய் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது கட்டி.
நம்பி வந்தவை
நாரை இழுத்து இழுத்து இறுக்கின.
வேலை முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை,
இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கின்றன.
காவலுக்கு வந்த அணுக்களிலும் சில
லத்தியைச் சாத்தி வைத்துவிட்டு,
ரத்தக்குழாய் அங்கிட்டு இருக்கு என்று
கை காட்டி நிற்கின்றன.

கறுப்பு மைப் பக்கம் கதை வேறு.
அதே கட்டி. அதே செல்கள்.
பால்குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய வரிசை
இன்னும் கைகோத்து நிற்கிறது.
கண்மாய் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான்;
நண்டு வளை தோண்டிய கரை உடையும்,
புல் வேர் பிடித்த கரை நிற்கும்.

ரிப்போர்ட் ஆகிவிட்டதா என்று கேட்க
அவரே வந்திருந்தார்.
தவமணி, நாற்பத்தேழு, ஆனையூர்.
மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவர்.
கட்டுப் பிரிக்காத பக்கத்துக் கையை
உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.
எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.
இவர் கேட்டது:
“அக்கம்பக்கம் எப்பிடிம்மா இருக்கு?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“பூட்டுன வீட்டப் பத்திப்
பக்கத்து வீட்லதான விசாரிக்கணும்?
பதினெட்டு வருசமா அதான் என் பொழப்பு.”

நான் சொல்லக்கூடாது.
நீல மை என்று நாக்கு நுனி வரை வந்ததை
டோக்கன் சீட்டைத் தேடுவது போலக் குனிந்து
விழுங்கினேன்.
அவர் கண்டுகொண்டிருக்கலாம்.
எத்தனை கதவுகளில் எத்தனை முகம் பார்த்தவர்.

பிறகு குரலைத் தணித்து,
“மனசுல போட்டுப் பூட்டி வச்சதுனாலதான்
இது வந்துச்சுன்னு நாத்தனா சொல்றா.
அவுக போனதுக்கு நான் அழுவல.
சடங்கு முடிஞ்ச மறுநாளே
ரீடிங் எடுக்கப் போயிட்டேன்.”

இதற்குப் பதில் சொல்ல
எந்த டாக்டர் கையெழுத்தும் வேண்டியதில்லை.
“இல்லக்கா. வெட்டுனது நான்.
சதையும் நாரும் கொழுப்பும்தான் இருந்துச்சு.
ஒங்க நாத்தனா சொன்னது எதுவும் அதுல இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”
“நல்லாப் பாத்தேன்.”

கொஞ்ச நேரம் நின்றார்.
போகும்போது நடையோரத்து மீட்டர் பெட்டியை
எட்டிப் பார்த்து, உதடசைத்து
எண்ணை வாசித்துவிட்டுப் போனார்.
விடுப்பில்தான் இருக்கிறார்.

மாலையில் டாக்டரின் சீட்டு வந்தது.
ஆயிரத்து நூற்றுப் பதினாறு,
நீல மை ஓரம்,
இன்னும் ஆழமாக மூன்று வெட்டு.
கட்டியை மறுபடி பனிக்கட்டி மேல் வைத்தேன்.
லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.
போகட்டும் என்று
கத்தியில் கை வைத்துக் காத்திருந்தேன்.