பொருள் எண் முப்பத்தொன்று

பாடத்திட்டக் குழுவின் செயலாளர் நான்.
ஓட்டு இல்லை எனக்கு. காபிக்குச் சொல்வதும்
கூட்டக் குறிப்பு எழுதுவதும் வேலை.
நார்வேயின் மேற்குக் கரையில், மலைக்கும் ஃபியோர்டுக்கும் நடுவே
ஒரு சின்னப் பல்கலைக்கழகம்.
ஜன்னலைச் சாத்தினாலும் மழை உள்ளே வந்து உட்காரும்.

இங்குன் அனுப்பியிருந்த படிவம்:
பாடம், பனியாறுகள் இரண்டு. பத்துப் புள்ளி.
மாற்றம் சிறியதா, பெரியதா? ஒன்றில் மட்டும் குறியிடவும்.
இரண்டு கட்டத்துக்கும் நடுவே
கோட்டின் மேலேயே குறியிட்டிருந்தாள்.
காரணம், ஐந்நூறு எழுத்துக்கு மிகாமல்:
‘பனி போய்விட்டது.’

திருப்பி அனுப்பினேன். விதி அப்படி.
எந்தக் கற்றல் விளைவைத் தொடுகிறது என்று சொல்லவில்லை.
(பனியாற்றை நான் பார்த்ததில்லை.
அதன் பாடக்குறியீடு தூக்கத்திலும் தெரியும்.)
மறுநாள் வந்தது:
‘வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இருபது நிமிட நடை
என்கிறது பாடக்குறிப்பு.
இருபது நிமிடம் நடந்தால் இப்போது ஓர் ஏரி.
பனி அக்கரையில். படகு வேண்டும்.
படகுக்கு ஒரு நாள் வேண்டும்.
அந்த நாளுக்கு வகுப்பறையில் ஆறு மணி நேரம்
குறைக்க வேண்டும்.’
எண்ணிப் பார்த்தேன். வரம்புக்குள்தான்.

நவம்பரில் கூட்டம்.
இது துறையோடு முடிகிற மாற்றமா,
கல்விப் பேரவைக்குப் போகவேண்டியதா என்றார் ஒட்மூன்.
நாற்பதில் ஆறு எத்தனை சதவீதம்?
பதினைந்து. பிழைத்தோம். இருபதைத் தாண்டினால் மேலே.
நூலகத்துக்குப் பாதிப்பில்லை என்றது நூலகம்.
படகுக்கு யார் பணம் என்றது கணக்குப் பிரிவு.
பிறகு நாற்பது நிமிடம்
ஒரு வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டோம்.
‘பனியாறு நகர்வதை மாணவர் புரிந்துகொள்வார்.’
புரிதலை அளக்க முடியாது என்றாள் குட்வைக்;
வழிகாட்டி நெறிகள், நாலாம் பக்கம்.
விளக்குவார் எனலாம். கணக்கிடுவார் எனலாம்.
அறிவார்? கூடாது.
உணர்வார்?
யாரோ சிரித்தார்கள்.
‘காண்பார்’ என்றாள் இங்குன் மெதுவாக.
‘கண்டால் போதும்.’
குறிப்பில் எழுதினேன்: விவாதிக்கப்பட்டது.

அதுவரை கைப்பேசிக்குள் இருந்த மாணவர் பிரதிநிதி ஷூர்
தலைதூக்கினான்.
பழைய திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு?
அவர்களுக்குப் பழைய பாடம்தான் உரிமை.
சேரும்போது சொன்னதை நடுவில் மாற்றக் கூடாது.
நல்ல விதி; யாரோ பட்டுத்தான் எழுதியிருப்பார்கள்.
ஆகவே இரண்டு ஆண்டுக்கு இரண்டும் நடக்கும்.
புதியவர்கள் படகில்.
பழையவர்கள் இருபது நிமிடம் நடந்து
தண்ணீர் ஓரத்தில்.
அவர்களும் ஏறிக்கொண்டால் என்ன என்றாள் இங்குன்.
ஏறலாம். ஆனால் அக்கரையில் கண்டதைத்
தேர்வில் கேட்கக் கூடாது.

இரண்டு திருத்தங்களுடன் ஒப்புதல்.
அடுத்ததற்கு அடுத்த இலையுதிர் காலம் முதல்.

அன்று மாலை பழைய பதிப்பைக் காப்பகத்துக்கு மாற்றும்போது
அங்கிருந்த மற்றவற்றையும் திறந்தேன்.
அது என் வேலையில் சேராது.
பதினொன்று இருந்தன.
இருபது நிமிட நடை. முந்தையதில் பன்னிரண்டு.
அதற்கும் முன், தட்டச்சில்,
‘ஐந்து நிமிடம்; ஈரம் தாங்கும் காலணி.’
எல்லாவற்றுக்கும் முதலாவதில் நேரமே இல்லை:
‘பேருந்தை விட்டு இறங்கவும்.’
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செயலாளரின் சுருக்கொப்பம்.
இவர்கள் யாரும் பனியை அளக்க உட்காரவில்லை.
நடைநேரத்தைத் திருத்தினார்கள், அவ்வளவே.

நானும் சுருக்கொப்பம் இட்டேன்.
பிறகுதான் பார்த்தேன்,
படகு எத்தனை நிமிடம் போகும் என்று
இங்குன் எழுதவே இல்லை.
அந்த இடம் வெற்றாக இருந்தது.
கேட்டால் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.
கேட்கவில்லை.

பொருள் எண் முப்பத்திரண்டு:
கணக்கியல், தேர்வு மொழி.