காந்தி ரோட்டு லாட்ஜில் ராத்திரி டூட்டி

என்னைக் கேட்டால்
சினிமாத் துப்பாக்கிகள் சுத்த மோசம்.
குண்டு தீர்வதே இல்லை.
கேமில் முப்பது தீர்ந்தால் குனிந்து மாற்றணும்,
அந்த ரெண்டு நொடியில்தான் சாவு.

"உனக்கு ரசனை இல்ல, புள்ள"
என்கிறார் வாட்ச்மேன் முனிரத்தினம்.
இருக்கட்டும்.
அவர் பார்ப்பது செய்தி விவாதம்.
நாலு சதுரத்தில் நாலு பேர் கத்துவார்கள்,
பாலாற்றில் தண்ணி வராது.

204-இல் மால்டா பையன், தன்மய்.
அப்பா ஆஸ்பத்திரியில்.
எனக்குத் தெரிந்த வங்காளம் "கொத்தோ தின்?"
எத்தனை நாள் தங்குவீர்கள் என்று
ரூம் கேட்பவர்களிடம் கேட்டே பழகியது.
அவனுடைய தமிழ் "சுடுதண்ணி".
ஒரே ஸ்க்வாடில் ஆட அது போதும்.
நான் அடிபட்டு விழுந்தால்
"சுடுதண்ணி! சுடுதண்ணி!" என்று
ஓடிவந்து தூக்கிவிடுவான்.

புது அப்டேட்டில் மேப் முழுக்கப் பனி.
இங்கே பதினோரு மணிக்கும் சுவர் கொதிக்கிறது.
ஆற்றை உறையவைத்து
ஒளிய இடமில்லாமல் பண்ணிவிட்டார்கள்,
எனக்குப் பிடிக்கவில்லை.
அவனுக்கு ரொம்பப் பிடித்தது.

செவ்வாய் விடியலில் காலி செய்தார்கள்.
அவன் அம்மா கையெழுத்துப் போட்டு
பேனாவை மூடித் தந்தாள்.
ஆட்டோவில் ரெண்டு பேர்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.

ரயிலில் சிக்னல் கிடைக்காது
என்கிறார் முனிரத்தினம்.
காட்பாடியிலிருந்து எத்தனை ராத்திரி ஆகும்?
இது ஆறாவது.
அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இல்லை.

அணியில் ஓர் இடம் காலி, நிரப்பவா
என்று கேட்கிறது கேம்.
இப்போது வேண்டாம் என்று அழுத்துகிறேன்.

மேசை மணி.
ஒரு பெட்டி, எக்ஸ்ரே கவர்,
தூக்கம் கெட்ட ரெண்டு முகம்.

கொத்தோ தின்?