பத்து சென்டிமீட்டர்

தார்த்து நகரில், பழைய கரண்டித் தொழிற்சாலையின் மாடியில்
எங்களுக்கு ஒரு மேசை கொடுத்தார்கள்.
ஒரு மேசை, பதின்மூன்று வாரம், முப்பதாயிரம் யூரோ.
பதிலுக்கு, இன்னும் பிறக்காத கம்பெனியில்
நூற்றுக்கு ஏழு பங்கு.
ஐவோ கணக்குப் போட்டான்:
பூஜ்யத்தில் ஏழு சதவீதமும் பூஜ்யம்தானே,
கையெழுத்துப் போடு.

எங்களிடம் இருந்தது ஒரு மஞ்சள் டப்பா.
உறைந்த ஏரிமேல் வைத்தால்
பனிக்கட்டியின் தடிமனைக் கைப்பேசிக்குச் சொல்லும்.
பத்து சென்டிமீட்டர் என்றால் ஆள் நடக்கலாம்.
குறைந்தால் சிவப்பாகக் கண்சிமிட்டும்,
ஆறு முறையில் நான்கு முறை சரியாக.

முடுக்கி என்று இதற்குப் பெயர்.
முதல் வாரம் எதையும் முடுக்கவில்லை.
ஹெல்வே மடிக்கணினிகளை மூடச் சொன்னாள்.
இருபது பேரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.
டப்பாவைக் காட்டாதீர்கள், விலை சொல்லாதீர்கள்.
போன குளிர்காலம் எப்படிப் போயிற்று என்று மட்டும் கேளுங்கள்.

பெய்ப்சி ஏரியில், மீன் துளைக்குப் பக்கத்தில்
குந்தியிருந்தார் ஸகார்.
பனியை எதை வைத்து நம்புகிறீர்கள்?
கடப்பாரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.
ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் வீட்டுக்குப் போய்விடுவேன்.
என்ன விலைக்கு வாங்கினீர்கள்?
வாங்கவில்லை, மாமனாருடையது.

பதினேழு பேரிடம் பதினேழு கடப்பாரை.
திரும்பும் பேருந்தில் ஐவோ வாய் திறக்கவில்லை.

பதினெட்டாவது ஆள் மெர்லே, மீட்புப் படகு ஓட்டுகிறவள்.
பிளந்து மிதந்துபோன பனித்தட்டிலிருந்து
ஒரே மதியத்தில் முப்பத்தொரு பேரை
இறக்கிக் கொண்டுவந்ததைச் சொன்னாள்.
"அங்கே எவ்வளவு தடிமன் என்பதா எனக்கு முக்கியம்?
எந்தப் பக்கம் பிளக்கப்போகிறது, அதைச் சொல்."

அன்றிரவு ஒரு டப்பா பன்னிரண்டானது, காகிதத்தில்.
நிஜத்தில் பற்றவைக்க ஆள் இல்லை.
பக்கத்து மேசை நூட்சா,
பல் அச்சு வார்க்கும் தன் இயந்திரத்தை அணைத்துவிட்டு
விடியும் வரை எனக்காகக் கம்பி உரித்தாள்.
ஒப்பந்தத்தில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஐந்தாம் வாரம் வக்கீல் ஒரு தாளை நீட்டினார்:
வருஷம் முடியுமுன் விலகுகிறவருக்குப் பங்கு கிடையாது.
எங்களுக்குள்ளா, என்று சிரித்துக்கொண்டே போட்டோம்.
ஒன்பதாம் வாரம் ஐவோவுக்கு ஹெல்சிங்கியில் வேலை,
மனைவிக்கு ஏழாம் மாதம்.
சண்டை போட எதுவும் மிச்சமில்லை.
பற்றுக்கோலை வைத்துவிட்டுப் போனான்,
அதன் நுனி இன்னும் சூடாக இருந்தது.

ஒத்திகையில் "புரட்சி" என்று சொன்னால் ஒரு யூரோ அபராதம்.
நான் பதினொரு யூரோ கட்டினேன்.

பிப்ரவரியில் மழை பெய்தது.
மேடையேறிய நாளில்
ஏரியில் பனி இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர்.
மூன்று நிமிடம் பேசி முடித்தேன்.
முன்வரிசையிலிருந்து ஒருவர்:
பனியே இல்லாமல் போனால் உங்கள் கம்பெனி?
தயாரித்து வைத்த நாற்பது பதில்களில்
இதற்கு ஒன்றும் இல்லை.
கெட்டிப் பனியில் யாரும் சாவதில்லை, என்றேன்.
அது மெலிந்துகொண்டே வரும் வருஷங்களில்தான்
கடப்பாரை பொய் சொல்லும்.

கைதட்டினார்கள்.
காசோலை யாரும் எழுதவில்லை.
ஒன்பது அணிகளில் இரண்டுக்குக் கிடைத்தது,
ஒன்று குதிரைகளுக்குக் காப்பீடு.
அபராத உண்டியலை உடைத்துக் கேக் வாங்கினோம்,
பெரும்பகுதி என் புரட்சி.

பதினான்காம் வாரம் மேசையில் வேறு யாரோ.
திங்கட்கிழமைதோறும் ஹெல்வே மட்டும் கூப்பிடுகிறாள்.
நலமா என்று கேட்பதில்லை.
இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது?
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிறவள்.
நான்கு, என்றேன். பிறகு மூன்று.
பிறகு மெர்லேயின் நிலையம் பன்னிரண்டு டப்பா கேட்டது,
ஒரு குளிர்காலத்துக்கு, வாடகைக்கு.
ஐந்தரை, என்றேன்.
மறுமுனையில் அவள் எதையோ எழுதும் சத்தம்.

டிசம்பர். ஏரி ஓரத்தில் உறைந்திருக்கிறது.
முதல் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.
செலவுப் பட்டியலின் கடைசி வரி:
கடப்பாரை, இருபத்திரண்டு யூரோ.
முதலில் அதனால் ஒரு குத்து.