ரெண்டும் தெக்குதாம்மா

பள்ளத்தூருக்கு மேற்கே மூன்று ஏக்கர்
செம்புறாங்கல் பூமி.
கடப்பாரை மழுங்கி மழுங்கி
கொல்லனிடம் நான்கு தடவை போய்வந்த பிறகு
பதினான்கு குழி.

வங்கியில் விருப்ப ஓய்வுக்குத் தந்த பணம்.
தென்னை வைப்பாள் என்றார்கள்.
சப்போட்டா என்றான் தம்பி வயிரவன்.
நான் குன்னூர் நாற்றங்காலிலிருந்து
மடியில் இரண்டு, காலடியில் பன்னிரண்டாக
ஊசியிலைக் கன்றுகளைப் பேருந்தில் கொண்டுவந்தேன்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்தபடி நடத்துநர்:
“இதெல்லாம் நம்ம வெயில்ல நிக்குமாம்மா?”

இந்த ஊருக்கு வெளிநாட்டு மரம் புதிதில்லை.
கப்பலில் படுத்துவந்து
வளவுகளில் எழுந்து நின்றவை,
இலையில்லாமல், மெருகோடு.
வேரோடு ஒன்று வந்தால்தான்
எதுக்கு ஆகும் என்று கேட்கிறார்கள்.

பூ? கிடையாது.
காய்? வரலாம், எனக்குப் பிறகு.
நிழல்? ஒரு ஆள்,
அதுவும் பக்கவாட்டில் நின்றால்.
விறகுக்கு ஆகுமா?
அதையும் ஒருத்தர் கேட்டாயிற்று.

முதல் கோடை ஆறைக் கொண்டுபோனது.
கரையான் மூன்று.
ஊசி என்று பாராமல்
பிலோமினா வீட்டு ஆடு ஒன்று.

மிச்சம் நான்கு.

தை மாதம் தோறும், ஒரு காலை,
கஜக் குச்சியை மண்ணில் நட்டுக் காத்திருப்பேன்.
குச்சியளவே குச்சியின் நிழல் ஆகும் நொடியில்
ஓடிப்போய்
நெட்டை மரத்தின் நிழல் நுனியில்
ஒரு செங்கல் வைப்பேன்.
அடிமரத்திலிருந்து செங்கல் வரை தூரம்தான்
மரத்தின் உயரம்.
இருபத்திரண்டு செங்கல் வரிசையாய்க் கிடக்கிறது.
எங்கேயோ பாதை போடுகிறாள் என்று
ஊரில் பேச்சு.

நட்ட வருஷம் நானூற்று எண்பது அடியில்
தண்ணீர் இருந்தது.
இப்போது எழுநூற்று இருபது.
மரம் நாற்பத்தெட்டு.
ஏறியதையும் இறங்கியதையும்
ஒரே நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்,
எதிரெதிர்ப் பக்கத்தில்.
ஐந்தொகை இன்னும் பொருந்தவில்லை.

நான்கும் தெற்கே சாய்கின்றன.
காற்றில்லை, மண் சரியவில்லை;
எங்கே நட்டாலும்
பூமியின் நடுக்கோட்டுப் பக்கம் சாய்வது
இந்த இனத்தின் குணமாம்.
தம்பி தூக்குக்குண்டு கொண்டுவந்து பார்த்தான்.
கட்டடம் கட்டுகிறவன்,
மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை.

ஐப்பசி முடிவில் அந்தப் புயல்.
விடிந்தபோது வேம்பும் பலாவும் வேர் காட்டிக் கிடந்தன.
மின்கம்பம் எதிர்வீட்டு மதில்மேல் படுத்திருந்தது.
நெட்டை நின்றது.
நுனி மட்டும் முறிந்து
தொட்டியில் மிதந்தது, பச்சையாக.
அந்தத் தை செங்கல்
முந்தின செங்கலுக்கு இந்தப் பக்கம் விழுந்தது.

பிறகு ஒரு நுனிக்கு இரண்டாய்த் துளிர்த்தது.
ஒன்றை எடுக்காவிட்டால் பின்னால் பிளக்கும்.
தென்னை ஏறும் சேவுகனை அழைத்தேன்.
அண்ணாந்து பார்த்தார்.
தளைநாரைக் கழற்றி என்னிடம் தந்தார்:
“இது ஏணி கட்டிக்கிட்டே வளந்திருக்கு.”

அடுக்கடுக்கான கிளைகளில் கால்வைத்து
போய்க்கொண்டே இருந்தார்.
வேட்டி மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.
கத்தினேன்:
“தெக்கே இருக்கிறத எடுத்துருங்க!”
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“மேலேருந்து பாத்தா
ரெண்டும் தெக்குதாம்மா.”

முப்பத்தொரு வருஷம்
கையெழுத்தைச் சரிபார்க்காமல்
ஒரு ரூபாய் கொடுத்ததில்லை நான்.
“உங்களுக்கு எது தோணுதோ” என்றேன்.

அரிவாள் சத்தம் இரண்டு.
சுழன்று சுழன்று வந்து
என் காலருகே உட்கார்ந்தது
ஒரு பச்சை நட்சத்திரம்.

இறங்கி வந்தவர் கையெல்லாம் பிசின்.
குங்கிலிய வாசம்.
கூலியை எண்ணினார், எண்ண முடியவில்லை.
நோட்டோடு நோட்டு ஒட்டிக்கொண்டது.
நான் எண்ணித் தரப்போனேன்,
என் விரலும் ஒட்டிக்கொண்டது.

சோப்புக்குப் போகாது.
தேங்காயெண்ணெய் தடவி
கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும்.
கைகளை விரித்தபடி
இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.