வெறும் ஓடு

காசிமேட்டில் விடிவதற்குள்
நூறு இறாலுக்குச் சட்டை கழற்றிவிடுகிறார் தேசம்மாள்.
உடம்பு ஐஸ் பெட்டிக்கு,
சட்டை எனக்கு.
"இத்த வச்சி இன்னாம்மா பண்ணுவே?"
மருந்து, என்றேன்.
சிரித்தார். மூணு கிலோ ஓட்டுக்குக்
காசு வேண்டாமென்று
ஒழுகும் என் பைக்கு மேலே
இன்னொரு பை போட்டுக் கட்டினார்.

பாரிமுனையில் பஸ் மாறி
கிண்டி வரும்வரை
என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

கிருமிக்குப் பெயர் உண்டு, ஆளுக்கு இல்லை.
ஆளுக்கு எண்: இருநூற்றுப் பன்னிரண்டு.
பெரியாஸ்பத்திரி, சர்க்கரைப் புண், இடது கால்,
ஆண், ஐம்பத்தொன்று.
அதற்குமேல் எனக்குத் தெரியக்கூடாது என்று
ஒரு குழு கூடி முடிவெடுத்திருக்கிறது.
கூடவே ஒரு தாள்.
பதினான்கு மருந்துகளின் பெயர்,
ஒவ்வொன்றுக்கும் நேரே
ஆர், ஆர், ஆர்.
எதற்கும் மசியாது என்று அர்த்தம்.
கடைசி ஆர் மட்டும் கொஞ்சம் மங்கல்.
நம்பிக்கை அல்ல,
பிரிண்டரில் மை தீர்ந்திருக்கும்.

என்னிடம் இருப்பது
ஈரோட்டு மஞ்சளிலிருந்து பிரித்த
ஒரு சிட்டிகை.
கோட்டில் ஒட்டும், நகத்தில் ஒட்டும், தராசில் ஒட்டும்,
ஆய்வேட்டின் நாற்பதாம் பக்கத்தில்
என் கட்டைவிரலாகவே ஒட்டும்.
தண்ணீரில் மட்டும் கரையாது.
ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர்.

அதனால் ஒரு படகு வேண்டியிருந்தது.

ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை இறக்கி,
காரத்தில் கொதிக்கவைத்துக் கவிச்சியைப் போக்கி,
நீர்த்த வினிகரில் கரைத்து,
காந்தம் சுழலச் சுழல
உப்புக்கரைசலைச் சொட்டினால்
ஏதோ ஒரு சொட்டில்
அரிசி கழுவிய தண்ணீர்போல்
குடுவை மங்கும்.
அந்த மங்கல்தான் படகுகள்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
நானூறு படகு பக்கம்பக்கமாய் நிற்கும்.

தட்டில் கிருமியைப் பூசி
நான்கு மூலையிலும் நான்கு பொட்டு வைத்து
அடைகாக்கும் பெட்டியில் வைத்தேன்.
முப்பத்தேழு டிகிரி.
மே மாதம். பெட்டிக்குள்ளும் வெளியிலும்
பெரிய வித்தியாசமில்லை.

காலையில்
மஞ்சள் மட்டும் வைத்த இடத்தில் கறை.
வினிகர் மட்டும் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை.
மஞ்சள் ஏற்றிய படகைச் சுற்றி
துடைத்து எடுத்ததுபோல் ஒரு வட்டம்,
பதினேழு மில்லிமீட்டர்.

வெறும் படகைச் சுற்றியும்
பதினேழு.

ஸ்கேலை மாற்றினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.
எது எதுவென்று சொல்லாமல்
ஆபிதாவை அளக்கச் சொன்னேன்.
"பதினேழு. பதினேழு.
என்னடி, வாய்ப்பாடா?"

மூன்று வருடம்
பயணிக்கு மாலை வாங்கி வைத்துக்
கரையில் நின்றிருக்கிறேன்.
சண்டையை முடித்துவிட்டு
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது
படகு.

மானியக் கடிதத்தில் மஞ்சள் ஏழு இடத்தில் வருகிறது.
இறால் ஒரு இடத்தில்,
அதுவும் அடிக்குறிப்பில்.

"மறுபடி போடு" என்றார் பிரேமாவதி மேடம்.
போட்டேன். பதினாறு, பதினேழு, பதினாறு.
நீண்ட நேரம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்
"தலைப்பை மாத்தணும்" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"மூஞ்சியைக் கழுவிட்டு வந்து மாத்து."

இன்னொரு ஒற்றல் தேவைப்பட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து கிடைக்குமா என்று
எழுதிக் கேட்டேன்.
ஒரு வரியில் பதில் வந்தது:
அந்தக் கால் இல்லை, போன மாதமே எடுத்தாயிற்று.

மைனஸ் எண்பதில்
என் உறைபெட்டியின் மூன்றாம் தட்டில்
ஒரு சிறு குப்பிக்குள் இருக்கிறது,
அந்தக் காலில் இன்னும் உயிரோடிருப்பது.
அதன்மேல் என் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் காசிமேடு.
தேசம்மாளின் ஆள்காட்டி விரலில்
ஈரத் துணிச் சுற்று.
இறால் முள், என்கிறார்,
கேட்பதற்கு முன்பே.
"மருந்து ரெடி ஆயிடுச்சா?"
தட்டுல வேலை செய்யுதுக்கா,
ஆளுக்கு வர வருஷமாகும்.
"எது, மஞ்சளா?"
இல்லக்கா. ஓடு.
"வெறும் ஓடா?"
வெறும் ஓடு.

கத்தி ஒரு நொடி நின்றது.
இந்த முறை ஆறு கிலோ கேட்டேன்.
நிறுத்துப் போட்டு
காசு வாங்கிக்கொண்டார்.