நொய்யின் இடது காது

கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள்,
அப்புறம் கண்ணீர் அஞ்சலி.
காரைக்குடி ஐந்துவிளக்குப் பக்கம்
என் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த முகங்கள் இவ்வளவுதான்.

புதுவயலிலிருந்து சேவுகன் வந்தார்,
அரிசி ஆலையில் எடைமேடை பார்ப்பவர்.
போனில் பதினேழு படம்.
பதினாறில் வால் மட்டும்.
"போட்டோ வேணாம் தம்பி, வரைஞ்சு குடுங்க.
பெரியவன் சிங்கப்பூர்ல. இன்னும் பாக்கலை."
"எப்ப தவறுச்சு?" என்றேன்,
தொழில் பழக்கம்.
காலைத் தூக்கிக் காட்டினார்.
செருப்பில் வார் இல்லை.
"இன்னைக்குக் காலையில."

மூன்று மாதக் குட்டி. ஆறில் ஆகச் சிறியது.
அதனால் நொய்.
பெயர் வைத்தது மகள் தேனம்மை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப்
பேனாவை எடுத்தேன்.
கை தானாகப் பழைய ஃபைலைத் திறந்தது.
கீழே தோற்றம், மறைவு,
இரண்டு கட்டங்கள் காலியாக.
மறைவை உடனே அழித்தேன்.
தோற்றத்தைக் கொஞ்சம் யோசித்து.

மூக்கு சுலபம்,
ஈரக் கறுப்பில் ஒரு ஜன்னல் வைத்தால் போதும்.
கண்ணுக்கு மூன்று லேயர்.
முதுகெல்லாம் வெளிறிய புள்ளிகள்;
மட்டமான கேமரா என்று
ஒவ்வொன்றாகத் துடைத்தேன்,
மணப்பெண் கன்னத்துப் பருவைத் துடைக்கிற கையால்.
மறுநாள் அனுப்பினேன்.
வாட்ஸப்பில் தேனம்மையின் குரல்:
"உமி எங்க?
அது உமியிலதான் புரளும்.
இது வேற யாரு நாயோ."

உமியைத் திரும்ப ஒட்டினேன்.
துடைத்ததைவிட நேரமானது.
ஒன்றுபோல் இன்னொன்று சாய்ந்து விழுவதில்லை உமி.

வெள்ளிக்கிழமை பிரிண்ட் போகும் நேரம்
யூனிஃபார்மோடு வந்து நின்றாள்,
கையில் நொய்.
இறக்கிவிட்டதும் சுருட்டி வைத்த பேனரை முகர்ந்து
சாவகாசமாக ஒன்றுக்கிருந்தது.
வார்டு வேட்பாளர் ஒருவர் வணங்கியபடி நனைந்தார்.

நான் பார்த்தது காதை.
படத்தில் மடிந்து கிடந்த இடது காது
எதிரே
விறைத்து நின்றது.
"நேத்துதான் எந்திரிச்சுச்சு" என்றாள்.
பெருமையா வருத்தமா, பிடிபடவில்லை.
"அண்ணனுக்கு எது வேணும்?"
யோசித்தாள்.
"இப்ப இருக்கறது."
படியிறங்கப் போனவள் நின்று,
"அதையும் தூக்கிப் போட்டுறாதீங்க."

நல்லவேளை, லேயர்களை ஒன்றாக்கவில்லை.
புதுக்காதை வரைந்தேன்,
நுனியில் ஒரு உமி.
மடிந்த காதை அழிக்கவில்லை.
அந்த லேயரின் ஓரத்தில் இருக்கும்
சின்னக் கண்ணை மட்டும்
தொட்டு மூடினேன்.