அசையும் சொத்து

பார்வதிபுரம் பாலம் இறங்கும் பேருந்துக்கு
எங்கள் கோயில் என்றால் இரண்டு கோபுரம்.
கிட்டே வந்தால்தான் தெரியும்,
வலது கோபுரத்தில் மணி,
இடது கோபுரத்தில் புறா மட்டும்.

மறைமாவட்டத்திலிருந்து கணக்குப் பார்க்க வருகிறார்களாம்.
"கூட்டுறவு வங்கியில் இருந்தவள்தானே, நீயே எழுது" என்று
பங்குச்சாமியார் ஒரு நீளப் பேரேட்டை நீட்டினார்.
பொருள். எண்ணிக்கை. நிலை. உபயம்.
சனிக்கிழமை மதியம்
சாவிக்கொத்தோடு கோயில்பிள்ளை எஸ்தாக்கி
எனக்கு முன்னால் நடந்தார்,
வீட்டைக் காட்டுகிறவர் போல.

பீடம் ஒன்று, கிரானைட், நல்ல நிலை.
அதன் பின்னால் சுவரோடு பழைய மரப்பீடம்,
அயனிப் பலகையில் திராட்சைக்கொடி.
செதுக்கிய ஆசாரி திராட்சை கண்டதில்லை போலும்.
நல்லமிளகுக் கொடியைப் பார்த்து
இலையை அப்படியே வைத்துவிட்டார்.
திராட்சைக்குலை, மிளகு இலை.
எந்தக் கட்டத்தில் எழுத?

பேழைக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு.
'அணையா விளக்கு' என்று எழுதப்போனேன்.
"கரண்டு இருக்கும்வரை" என்றார் எஸ்தாக்கி.

பெஞ்சு முப்பது.
முதுகில் மஞ்சள் பெயிண்டில் பெயர்கள்:
மஸ்கட் தொபியாஸ் குடும்பம்,
வியாகுலமேரி டீச்சர் நினைவாக.
ஆண்கள் பக்கம் ஒன்பதாவதில் பெயர் சுரண்டியிருக்கிறது.
வழித்தகராறு. அண்ணன் கொடுத்த பெஞ்சு, தம்பி சுரண்டினான்.
இன்றும் இருவரும் அதிலேதான் உட்காருகிறார்கள்,
நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு.
அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை.

மின்விசிறி இருபத்திரண்டு.
இறக்கைக்கு இறக்கை உபயம்.
சுற்றும்போது எல்லாரும் ஒரே சாம்பல் வட்டம்.
நிறுத்தச் சொல்லி, கழுத்தை அண்ணாந்து
பெயர் பெயராக எழுதினேன். வியர்த்தது.

பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒன்று.
மண்டியிடும் பலகையில் இரண்டு குழி.
'தேய்ந்தது' என்று எழுதினேன்.
அதில் என் முட்டுக்கும் பங்குண்டு,
அதை எழுதவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது.
பீடப்பக்கம் பழைய கோயில், சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை.
வாசல்பக்கம் தொண்ணூற்றெட்டில் சேர்த்த கான்கிரீட்.
சேருமிடத்தில் ஒரு விரல் இடைவெளி.
தார் ஊற்றினார்கள், ரப்பர் வைத்தார்கள்,
ஒரு தவக்காலம் முழுக்கச் சிமெண்டு பூசினார்கள்.
வெயிலில் ஓடு ஒரு மாதிரி விரியும்,
கான்கிரீட் இன்னொரு மாதிரி.
இரண்டு மழையும் வாங்கும் ஊர் இது:
இடவப்பாதி கடற்காற்றோடு சாய்ந்தால் ஆண்கள் பக்கம் ஒழுகும்,
ஐப்பசியில் பெண்கள் பக்கம்.

கீழே ஒரு நீலப் பெயிண்ட் வாளி.

வாளி, ஒன்று, நல்ல நிலை.
உபயம்?
"நான் வைத்ததில்லை" என்றார் எஸ்தாக்கி,
"கதவு திறக்கும்போதே ஒழுக்குக்கு நேராக இருக்கும்."
மடத்துச் சிஸ்டர்களிடம் கேட்டேன். இல்லை.
பாடற்குழுவிலும் கேட்டேன்.
தூக்கிப் பார்த்தேன்.
கை அறுக்காமலிருக்கக் கம்பியில் சேலைக்கரை சுற்றியிருந்தது.
உள்ளே அடியில் மடித்த துவர்த்து,
எழுந்தேற்றத்தின் அமைதியில்
சொட்டுச் சத்தம் கேட்காமலிருக்க.

கணக்குப் பார்க்க வந்தவர்
சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார்:
பயன்பாட்டுப் பொருள், சேர்க்க வேண்டாம்.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு.
விடிய விடிய மழை.
முதல் பூசைக்கு முன்பே குடையோடு போய்விட்டேன்,
என்னவோ பிடிபடும் என்று.
வாளி பெண்கள் பக்கம் வந்திருந்தது, பாதி நிறைந்து.
சுற்றிலும் தரை துடைத்திருந்தது.
தெற்குப் பக்கவாசல் தாழ் போடவில்லை,
அதை நோக்கி ஈரக் கால்தடம்,
ஆணா பெண்ணா என்று
சொல்ல முடியாத ஒரு நடுத்தர அளவு.

குனிந்து கொஞ்சநேரம் பார்த்தேன்.
ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.
போய் மின்விசிறியைப் போட்டேன்.
மஸ்கட்காரரும் டீச்சரும் மேலே சுற்ற,
தரை காய்ந்தது.